நரிக்குப் பாத்தியப்பட்ட சுனை

செம்மணல் தேரிக்காட்டுக்குள் தண்ணீர் கிடைத்திருக்கிறது என்ற செய்தி வந்த அன்று கருவேலன்விளையிலும் சொக்கன்விளையிலும் பட்டாசு வெடித்தார்கள். மறுநாள் காலை இரண்டு ஊர்களும் ஒன்றின்மேல் ஒன்று வழக்குப் போட்டன.

அந்த ஆண்டு ஆடிக்காற்று மூர்க்கமாக அடித்து, பனைமர உயரத்துக்கு நின்ற ஒரு செம்மணல் மேட்டைப் பெயர்த்துக் கொண்டுபோய் அரை மைல் தள்ளி வைத்துவிட்டது. மேடு இருந்த இடத்தில் ஒரு பழைய ஊர் வெளிப்பட்டது. செங்கல் சுவர்கள், உடைந்த ஓடுகள், சுடுமண் குழாய்கள், கீழே இறங்கும் பதினாறு படிகள். படிகளின் அடியில் ஒரு சுனை. வானத்திலிருந்து படமெடுத்த விமானம் முதலில் அதைக் கண்ணாடித் துண்டு என்றுதான் நினைத்தது.

முப்பது வருடங்களாக மழை பொய்த்ததில் தேரி பதினொரு ஊர்களை விழுங்கியிருந்தது. அதன் விளிம்பில் மிஞ்சியவை இந்த இரண்டு ஊர்கள்தான். ஒன்பது நாளுக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வரும். அடுத்த சித்திரைக்குள் உரிமையுள்ள நீராதாரத்தைக் காட்டாத ஊர் காலி செய்யப்பட்டு, மக்கள் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்படுவார்கள் என்று அரசாங்கம் இரண்டு ஊர்ச் சாவடியிலும் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பிழைத்தால் ஒரு ஊர்தான் பிழைக்கும் என்று இரண்டு ஊர்களும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டன. அறிவிப்பில் அப்படி ஒரு வார்த்தை இல்லை.

வழக்கைத் தீர்க்க நீர்த் தீர்ப்பாயம் ரெக்ஸலினை அனுப்பியது.

ரெக்ஸலினுக்கு முப்பத்தெட்டு வயது. தூத்துக்குடிக்காரி. உத்தியோகம் மண் வாசிப்பாளர். சேற்றைத் தோண்டி எடுத்துப் பெட்டிக்குள் வைத்தால், அந்தத் தண்ணீரை எந்தக் காலத்தில் யார் குடித்தார்கள் என்று பெட்டி சொல்லும். அதை எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அரசாங்கம் அந்தப் பெட்டிக்கு நீளமான ஒரு பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் நக்கிப்பெட்டி என்றார்கள். இதுவரை நாற்பத்தொரு வாசிப்புகள் செய்திருந்தாள். ஒன்றில்கூட ஒரு வார்த்தை மாற்றி எழுதியதில்லை. இதனால் அவளுக்குத் துறையில் மரியாதை இருந்தது, நண்பர்கள் இல்லை.

தேரிக்குள் வண்டி போகாது. நடக்க வேண்டும். ஊருக்கு ஒரு பிரதிநிதி என்று இரண்டு பேர் அவளுடன் வந்தார்கள். கருவேலன்விளையிலிருந்து செல்வக்கனி. ஐம்பத்து நான்கு வயது. ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் சாவி பதினெட்டு வருடமாக அவள் இடுப்பில்தான். சொக்கன்விளையிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஜோதிமுத்து. அறுபத்தேழு வயது. தன் ஊர்க்காரர்களே தேரியின் ஆதிக்குடிகள் என்று நிறுவி நானூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகம் எழுதியவர். அதில் இரண்டு பிரதிகளை இந்த நடைக்கும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

விடிந்ததும் கிளம்பினார்கள். முள் அடர்ந்த உடைமரங்களுக்கு நடுவே மணல் இரவு முழுக்க நடந்ததைக் குறித்து வைத்திருந்தது. முயல் தாண்டிய தடம், உடும்பு வாலை இழுத்துப் போன கோடு, சுருட்டை விரியன் பக்கவாட்டில் விட்டுச்சென்ற வளைவுகள். ஒரு கல்லின் மேல் ஏறி நின்ற ஓணான் ஒன்று தொண்டையை நீலமும் சிவப்புமாக விசிறிபோல் விரித்துக் காட்டியது.

"எம்மா, அந்தப் பொட்டி எப்படி ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி குடிச்சவனக் கண்டுபிடிக்கும்?" என்று கேட்டாள் செல்வக்கனி.

"தண்ணி குடிக்கக் குனியிற எதுவும் தன்னைக் கொஞ்சம் அங்க விட்டுட்டுத்தான் போகும்" என்றாள் ரெக்ஸலின். "எச்சில், முடி, தோல்ல உதிர்ற தூசி. அது சேத்துல படியும். அடுத்த வருஷத்துது அதுமேல படியும். பெட்டி மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு அடுக்கா வாசிக்கும்."

"ரேஷன் கார்டு மாதிரி."

"கிட்டத்தட்ட. ஆனா இதுல பேரை நீக்க முடியாது."

"சட்டத்தையும் அந்த அம்மாவுக்குச் சொல்லிருங்க" என்றார் ஜோதிமுத்து. "பொறவு தெரியாதுன்னு சொல்லிரக் கூடாதுல்லா."

"இடைவிடாம அதிக காலம் யாரு குடிச்சிருக்காங்களோ அவங்க வாரிசுக்குத் தண்ணி. அவ்வளவுதான் சட்டம்."

"அப்போ எங்களுக்குத்தான்" என்றார் ஜோதிமுத்து.

"உங்க புஸ்தகமா அண்ணாச்சி தண்ணி குடிச்சிச்சு?" என்றாள் செல்வக்கனி.

உச்சி வெயிலில் ஜோதிமுத்துவுக்குத் தலை சுற்றியது. விழுந்தபோது அவர் தண்ணீர்க் கேனும் விழுந்து மூடி தெறித்தது. செம்மணல் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, ஈரமே படாததுபோல் கிடந்தது. ரெக்ஸலின் தன் பாட்டிலைத் திறப்பதற்குள் செல்வக்கனி அவர் தலையைத் தன் மடியில் வைத்துத் தன் கேனைச் சாய்த்தாள்.

"மூணு மடக்கு" என்றாள். "நாலாவது மடக்குக்கு நீங்க கோர்ட்டுக்குத்தான் போணும்."

அவர் மூன்று மடக்கோடு நிறுத்திக்கொண்டார். சற்று நேரம் கழித்து அவளாகவே நாலாவதையும் ஊற்றினாள்.

பொழுது சாய ஆரம்பித்தபோது பாழூர் தெரிந்தது. தெருக்கள் நேராக இருந்தன. ஒரு வீட்டின் வாசலில் யாரோ அம்மியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இன்னும் யாரும் வந்து எடுக்கவில்லை. படிகளின் மேல் நின்று மூவரும் கீழே பார்த்தார்கள்.

சுனைக்கரையில் ஏழு நரிகள் இருந்தன.

ஆறு நரிகள் எழுந்து சுவரோரமாக ஒதுங்கின. கிழட்டுப் பெட்டை நரி ஒன்று மட்டும் இவர்களைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து குடித்தது. குடித்து முடித்ததும் சுனையின் ஓரத்தில் சரிந்திருந்த மணலை முன்னங்கால்களால் பறித்துத் தள்ளியது. நீர் ஊறும் இடத்தில் மணல் விலகிக் குமிழி வந்தது. அதற்குப் பிறகுதான் படியேறிப் போனது, அவசரமில்லாமல்.

ரெக்ஸலின் சுனைக்குள் நீளக் குழாயை இறக்கி, சேற்றை உருளையாக எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். இரண்டு ஊர்களிலும் ஒவ்வொருவர் கன்னத்தின் உட்புறத்தையும் பஞ்சால் தடவி எடுத்த மாதிரிகள் ஏற்கெனவே பெட்டிக்குள் பதிவாகியிருந்தன. ஒப்பிட முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஜோதிமுத்து வடக்குப் படியிலும் செல்வக்கனி தெற்குப் படியிலும் உட்கார்ந்து சுனையைப் பங்குபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரையில் முதல் வரி வந்ததும் ரெக்ஸலின் மெல்ல மூச்சுவிட்டாள். இந்தச் சட்டத்தை எழுதிய செயலாளருக்குக் கொஞ்சம் கவிதை மனசு. 'எம்மனிதரும்' என்று எழுத வேண்டிய இடத்தில் அழகுக்காக 'எவ்வுயிரும்' என்று எழுதிவிட்டார். அழகைச் சட்டத்திலிருந்து எடுக்கத் தனியாக ஒரு திருத்தம் வேண்டும். அதற்கு இதுவரை யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

"தண்ணி நரிக்குச் சொந்தம்" என்றாள்.

இருவரும் எழுந்து வந்தார்கள்.

"நரிக்கா?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம். ஒரு கோடைகூட விடாம. அதுங்க மணலைப் பறிச்சுப் பறிச்சு ஊத்துக்கண்ணைத் திறந்து வெச்சிருக்கு. மேட்டுக்கு அடியிலயும் வளை தோண்டி வந்திருக்கு. இல்லேன்னா இந்தச் சுனை எப்பவோ தூந்துபோயிருக்கும். மனுஷங்க இங்க இருந்தது நூத்தி நாப்பது வருஷந்தான்."

ஜோதிமுத்து நீண்ட நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "எந்த ஊரு நரி?"

"அண்ணாச்சி!" என்றாள் செல்வக்கனி. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுகையும் வந்துவிட்டது. "சித்திரைக்குப் பொறவு எங்க ஊரு சனத்த எட்டாவது மாடியில கொண்டுபோய் வைப்பான். அங்கன இருந்து எட்டிப் பாத்தா மண்ணே தெரியாது. நீங்க நரிக்கு ஊரு கேக்கிய."

"காலி பண்ண வேண்டாம்" என்றாள் ரெக்ஸலின். "உரிமையாளர் மறுக்காத வரைக்கும் விருந்தாளிங்க குடிக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. அதுவும் உரிமைதான். ரெண்டு ஊருமே குடிக்கலாம். கையால அள்ளணும். மோட்டார், குழாய், மண்வெட்டி எதுவும் கூடாது."

"நரி மறுத்தா?"

"கடிக்கும்."

மேலே சுவரோரத்திலிருந்து ஒரு குட்டி நரி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. அப்போது செல்வக்கனி குரலை மிகவும் தணித்து, ஏதோ சமையல் குறிப்புக் கேட்பதுபோல் கேட்டாள்:

"நரியே இல்லாமப் போச்சுன்னா தண்ணி யாருக்கு?"

"அடுத்த இடத்துல இருக்கறவங்களுக்கு. அடுத்தது யாருன்னு தெரியலைன்னா அரசாங்கத்துக்கு. அரசாங்கம் குழாய் போட்டு நகரத்துக்குக் கொண்டுபோயிரும்."

"அடுத்தது யாருன்னு பொட்டி சொல்லிருக்கா?"

ஜோதிமுத்துவும் பதிலுக்காகக் காத்திருந்தார். அவர் கண்கள் நரிகள் போன திசையில் இருந்தன.

ரெக்ஸலின் திரையைப் பார்த்தாள். இரண்டாவது வரி தெளிவாகத்தான் இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் வேறொரு ஆற்றங்கரையில் இதேபோல் முதல் வரியில் நீர்நாய்கள் வந்திருந்தன, இரண்டாவது வரியில் ஒரு விடுதிக்காரரின் குடும்பம். இரண்டையும் உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆறு வாரம் கழித்துப் போனபோது ஆற்றில் நீர்நாயே இல்லை. கரையில் பதினொரு சிறிய மேடுகள் இருந்தன. விடுதிக்காரர் அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"இல்லை" என்றாள். "ரெண்டாவது தெளிவா வரல."

அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அவள் உத்தியோகத்தில் எழுதிய முதல் பொய் அது. இனி ஒருவரும் இந்த நரிகளைத் தொட மாட்டார்கள். செத்தால் அரசாங்கத்துக்கு அல்லவா போகும்?

ஊர் திரும்பியதும் இரண்டு ஊர்களிலும் மறுபடி பட்டாசு வெடிக்கப் போனார்கள். நரி மிரளும் என்று செல்வக்கனி தடுத்துவிட்டாள்.

ஐந்து வருடம் கழித்து, உரிமையைப் புதுப்பிக்கும் ஆய்வுக்கு ரெக்ஸலினே வந்தாள். இப்போது தேரிக்குள் தெளிவான ஒற்றையடிப் பாதை இருந்தது. காவடித் தடியில் குடங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆண்களும் பெண்களும் எதிரே வந்தார்கள். எந்தக் குடம் எந்த ஊருடையது என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. பாதியில் ஓலைப்பந்தல் போட்டு, இரண்டு ஊர்க்காரர்களும் முறைவைத்து மோர் கொடுத்தார்கள்.

செல்வக்கனியும் ஜோதிமுத்துவும் அவளைச் சுனைக்கு அழைத்துச் சென்றார்கள். இருவரும் நரிப் பாதுகாப்புக் குழுவின் கூட்டுத் தலைவர்கள். ஐந்து வருடத்தில் செல்வக்கனியின் விரல் நகங்கள் தேய்ந்து, உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. ஜோதிமுத்துவுக்கும் அப்படியே.

"நரிங்க எப்படி இருக்கு?" என்று கேட்டாள் ரெக்ஸலின்.

"சௌக்கியம்" என்றார் ஜோதிமுத்து.

"ரொம்பச் சௌக்கியம்" என்றாள் செல்வக்கனி.

சுனைக்கரை முழுக்க நரித்தடங்கள் இருந்தன. ரெக்ஸலின் உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொரு தடமும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு. எல்லாம் வலது முன்னங்கால். ஒரு நரி சுனையைச் சுற்றி ஒற்றைக் காலால் நொண்டியடித்திருந்தால்தான் அப்படி விழும்.

"இங்கன எடுங்க எம்மா" என்று செல்வக்கனி ஒரு மூலையைக் காட்டினாள். "இங்கனதான் அதுக ஆய் போவும்."

ரெக்ஸலின் அங்கேயே எடுத்தாள். பெட்டி வாசித்தது. நரி, உறுதி. எச்சம் விழுந்து மூன்று நாள். அடுத்து உணவு: மாட்டிறைச்சி, அவித்த முட்டை, கேரட், வைட்டமின் பொடி.

அவள் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"தேரிக்குள்ள கேரட் எங்க விளையுது?"

செல்வக்கனி ஜோதிமுத்துவைப் பார்த்தாள். முப்பது வருடம் பிள்ளைகளைக் குறுக்கு விசாரணை செய்தவர் இப்போது பதில் தெரியாத மாணவனாகத் தரையைப் பார்த்தார்.

"மிருகக்காட்சி சாலைலேருந்து" என்றார். "மாசம் ஒருக்கா பஸ்ஸுல போறேன். அங்கன காவலாளி என் பழைய மாணவன். ஒரு தூக்குவாளி நெறையத் தருவான். பஸ்ஸுல பக்கத்துல யாரும் உக்கார மாட்டாவ."

"எத்தனை மாசமா?"

"ரெண்டு வருசம்."

"அப்போ நரிங்க?"

செல்வக்கனி படியில் உட்கார்ந்துவிட்டாள். ரெக்ஸலின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரும் ஒண்ணும் செய்யல எம்மா. சத்தியமா ஒருத்தரும் ஒரு கல்லு எறியல. தண்ணி குடுத்த சாமில்லா அதுக? மொத வருசம் பொங்கலுக்கு ரெண்டு ஊருக்காரங்களும் சோறு கொண்டாந்து வச்சோம். தின்னுச்சு. பொறவு வாரம் ஒருக்கா கோழிக்குடல். அப்புறம் தெனமும். வேட்டையாடுறதயே வுட்டுருச்சுக. ஒரு நாளு சோறு பிந்திப்போனா ஊருக்குள்ள வந்து வாசல்ல நிக்கும். புள்ளைகளு தடவிக் குடுக்கும். பொறவு கோழி வண்டிக்குப் பின்னாலயே ரோட்டுக்குப் போச்சுக. நாலு அங்கன லாரில அடிபட்டுச்சு. குட்டிகளுக்கு நம்ம நாய்ககிட்டேருந்து சீக்கு வந்துட்டு."

"அந்தக் கிழட்டு நரி?"

"அது மட்டும் கடைசி வரைக்கும் சோத்தத் தொடல. குட்டியெல்லாம் போனப்பொறவு இந்தா, இந்தப் படியில வந்து படுத்துச்சு. மூணு நாளு கெடந்துச்சு. நானுந்தான் கெடந்தேன். தண்ணிய அள்ளி வாயில வுட்டேன், குடிச்சுச்சு. செத்ததும் மஞ்சத் துணி போத்திப் பொதச்சோம். எங்க மாமியாருக்குக்கூட நான் அவ்வளவு அழுகல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நரிக செத்த வருசமே ஊத்துக்கண்ணு அடைச்சுப்போச்சு" என்றார் ஜோதிமுத்து. "மம்பட்டி போடக் கூடாதுன்னு உத்தரவுல இருக்கு. அதனால கையாலயே பறிக்கோம். வாரத்துக்குப் பத்துப் பேரு. நரி பறிச்ச மாதிரியே, ஓரத்துலேருந்து உள்ள பாக்க. அப்படிப் பறிச்சாத்தான் ஊறுது. வேற மாதிரி பறிச்சா சரியுது."

ரெக்ஸலின் இருவருடைய தேய்ந்த நகங்களையும் மறுபடி பார்த்தாள்.

"நீங்க உள்ளத எழுதுவியன்னு எங்களுக்குத் தெரியும்" என்றாள் செல்வக்கனி. "எழுதுங்க. நரி இல்ல, அடுத்தவனும் இல்ல, தண்ணி கவர்மெண்டுக்கு. எங்களுக்கு எட்டாவது மாடி. ஆனா நாங்க கொல்லலன்னு மட்டும் ஒரு வரி சேத்து எழுதிருங்க."

ரெக்ஸலின் சுனையைப் பார்த்தாள். வெயில் சுவர் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. இதைச் சொல்லாமல் ஊருக்குத் திரும்பிவிட முடியும் என்பதும், அப்படித் திரும்பினால் இனி எந்த மண்ணையும் தன்னால் வாசிக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"அடுத்தது இருக்கு" என்றாள். "அன்னிக்கே வந்துச்சு. நான்தான் மறைச்சேன்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"இங்க நூத்தி நாப்பது வருஷம் இருந்தவங்களோட வாரிசு நீங்கதான். ரெண்டு ஊரும். கருவேலன்விளைக்கு எவ்வளவோ சொக்கன்விளைக்கும் அவ்வளவு. ஒரே குடி. இங்கேருந்து கிளம்பிப் போனப்புறம்தான் ரெண்டா பிரிஞ்சிருக்கீங்க. இதுக்கு முன்னாடி நான் இப்படி எழுதிக் குடுத்த ஒரு இடத்துல நீர்நாய்ங்களைக் கொன்னுட்டாங்க. நீங்களும் நரிங்களைக் கொன்னுருவீங்கன்னு நினைச்சேன். அன்னிக்கு நீங்க கேட்ட விதம் அப்படி இருந்துச்சு."

"நெனப்பு வந்துச்சுதான்" என்றாள் செல்வக்கனி. "இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"எனக்கும்" என்றார் ஜோதிமுத்து.

"நான் உண்மையை எழுதியிருந்தா, நரி போனதும் தண்ணி நேரா உங்க பேருக்கு வந்திருக்கும். ரெண்டு வருஷமா நீங்க வாளி தூக்கியிருக்க வேண்டாம். இப்பவும் எழுதலாம். என் வேலை போயிரும், அது பரவாயில்லை. சுனை உங்களுக்கு. விருந்தாளி இல்லை, சொந்தக்காரங்க. மோட்டார் வெச்சுக்கலாம்."

அவள் பேனாவை எடுத்துவிட்டாள். அவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்தாள். ஜோதிமுத்து சுனையின் மறுகரையில் இடிந்து நின்ற வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூத்தி நாப்பது வருசத்துல ஏன் போனாவ?" என்று கேட்டார்.

"தண்ணி வத்தினதால. அந்தக் கடைசி இருபது வருஷ அடுக்குல ஈரத்தோட தடமே இல்லை. சுடுமண் குழாய் பாத்தீங்கல்ல? வீட்டுக்கு வீடு இழுத்திருக்காங்க. அவங்க போனப்புறம் நரிங்கதான் பறிச்சுத் திறந்துச்சு."

"அவிய நம்ம ஆளுகதான்" என்றாள் செல்வக்கனி. "சந்தேகமே இல்ல."

செல்வக்கனி குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாள்.

"எம்மா, நான் சொல்லுதத கேளுங்க" என்று அவளே தொடர்ந்தாள். "எங்க பேருக்கு எழுதுனா மொத நாளு மோட்டார் வைப்பானுவ. ரெண்டாவது நாளு நடுவுல சுவரு வைப்பானுவ. எங்க ஆளுகதான் வைப்பானுவ, வேற யாரு? மூணாவது நாளு இந்த அண்ணாச்சி நாலாவது மடக்குக்குக் கோர்ட்டுக்கு வருவாரு. நரி பேருல இருக்கப்போய்த்தான் யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல முடியல. ஒரு பெரிய மனுசன் தோட்டத்துக்குத் தண்ணி கேட்டான். நரிகிட்ட கேளுன்னு சொன்னோம். போயிட்டான்."

"அப்போ?"

"நரி பேருலயே இருக்கட்டும்."

ரெக்ஸலின் ஜோதிமுத்துவைப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவருக்கு இதற்குமேல் ஒரு சான்று கிடைக்கப்போவதில்லை. அதில் பாதியாவது சரி என்று பெட்டியே சொல்லிவிட்டது.

"இருக்கட்டும்" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "ஆனா அந்த ரெண்டாவது வரி... அத எனக்கு மட்டும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுதியளா?"

அவள் பெட்டியைத் திறந்து பழைய பதிவை எடுத்து வாசித்துக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "நல்லது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சுனை ஓரத்து மணலைப் பறிக்க ஆரம்பித்தார்.

ரெக்ஸலின் படிவத்தை நிரப்பினாள். உரிமையாளர்: நரி. உணவு என்ற இடத்தில் ஓணான், முயல், முந்திரிப்பழம் என்று எழுதினாள்.

"எண்ணிக்கை கேக்குது. எத்தனை போட?"

"பத்துக்குள்ள போடுங்க" என்றாள் செல்வக்கனி. "ரொம்பப் போட்டா விருது குடுக்க வந்துருவானுவ."

ஒன்பது என்று எழுதினாள். கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. அந்தி நேரத்தில் உரிமையாளரின் குரலைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அதைத் தீர்ப்பாயத்தில் ஒரு கணினி கேட்டுச் சரிபார்க்கும்.

"அதுக்கெல்லாம் ஏற்பாடு இருக்கு" என்றார் ஜோதிமுத்து பெருமையாக.

சூரியன் தேரிக்குப் பின்னால் இறங்கியது. செம்மணல் கொஞ்ச நேரம் தானே எரிவதுபோல் இருந்தது. ரெக்ஸலின் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டிப் பிடித்தாள். ஜோதிமுத்து கைக்குட்டையை அசைத்தார். மேட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு ஊர்க்காரர்கள் நாற்பது பேர் ஒரே குரலில் ஊளையிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தேசிய கீதம் பாடுவதுபோல் ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாக முடித்தார்கள். நடுவில் ஒருவர் தும்மினார்.

"நல்லாருக்கா எம்மா?"

ரெக்ஸலின் பதிவை அழித்தாள்.

"கணினி ஒத்துக்காது. எல்லாரும் ஒண்ணா ஆரம்பிக்கக் கூடாது. முதல்ல ஒண்ணு கூப்பிடும். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொண்ணு. அதுக்கப்புறம்தான் கூட்டம் சேரும். கடைசியில இழுக்கக் கூடாது, உடையணும்."

"எப்படி உடையணும்?"

விளக்கிப் பார்த்தாள். அவர்கள் செய்து காட்டினார்கள். வரவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இருபது வருடமாகப் பாழிடங்களில் கூடாரம் போட்டுத் தங்கியவளுக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. ஆனால் அதைத் தன் தொண்டையில் ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கருவியைச் செல்வக்கனி கையில் கொடுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, மேட்டின் மேல் ஏறி, முகத்தை வானத்துக்குத் தூக்கினாள்.

முதல் முறை வெட்கம் குறுக்கே வந்தது. இரண்டாவது முறை வரவில்லை.

சற்று நேரம் தேரி முழுக்க அமைதி. பிறகு மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எல்லாரும்.

பத்து நாள் கழித்துத் தீர்ப்பாயத்திலிருந்து உரிமைப் புதுப்பிப்புச் சான்றிதழ் வந்தது. அதனுடன் கணினியின் ஒலி ஆய்வுக் குறிப்பும் இணைக்கப்பட்டிருந்தது: கூட்டத்தின் தலைமை, நடுத்தர வயதுப் பெண் நரி, குரலில் சோர்வு எதுவும் இல்லை, இருப்பிடத்தில் நன்கு ஒன்றியிருக்கிறது.